கேஸ் உலையின் லைனிங் கெட்டால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது

இரும்பைக் காய்ச்சி அடிக்க வீட்டில் செய்த கேஸ் உலை பழையபடி சூடேறவில்லை என்றதும் பலர் லைனிங்கை, அதாவது உலையின் உட்புறம் வைத்த சூடு தாங்கும் அடுக்கை, முழுதாகப் பிய்த்தெறிந்துவிட்டு, அதே பொருளை வாங்கி அதே மாதிரி மறுபடி வைத்துவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் அதே இடத்தில் அதே பள்ளம் விழுகிறது. பிய்ப்பதற்கு முன், உலை நன்றாக ஆறிய பிறகு, டார்ச் அடித்து உள்ளே நிதானமாகப் பாருங்கள். எந்த இடம், எந்த விதத்தில் கெட்டிருக்கிறது என்பதிலேயே காரணம் இருக்கும்.

லைனிங்குக்கு இரண்டு வேலை உண்டு. சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பது ஒன்று. அதைச் செய்வது செராமிக் ஃபைபர் பிளாங்கெட், பஞ்சு மெத்தை மாதிரி ரோலாக வருவது. நெருப்பையும், குறடும் இரும்பும் இடிக்கிற இடியையும், இரும்பை ஒட்டும்போது தூவுகிற வெங்காரம் உருகி வழிவதையும் நேருக்கு நேர் தாங்குவது இன்னொன்று. அது மேலே வரும் காஸ்டபிளின் (தண்ணீர் விட்டுக் கலந்து வார்க்கும், சூடு தாங்கும் கான்கிரீட்) அல்லது பூச்சின் வேலை. இதை உள்முகம் என்று வைத்துக்கொள்வோம். பிளாங்கெட்டை அடி தாங்கச் சொன்னாலும் கெடும். காஸ்டபிளை மட்டும் நம்பிச் சூட்டைப் பிடிக்கச் சொன்னாலும் உலை சரியாக ஓடாது. கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வேலைகளைக் குழப்புவதால் வருபவை.

கணக்குக்காக ஓர் உலையை எடுத்துக்கொள்வோம். வெளிக்கூடு, அதாவது ஓடு, 10 அங்குல உள்விட்டமுள்ள எம்எஸ் (சாதா இரும்பு) பைப், 12 அங்குல நீளம். உள்ளே 25 மி.மீ. பிளாங்கெட் இரண்டு சுற்று, அதன்மேல் அரை அங்குலக் காஸ்டபிள். மிஞ்சுவது 5 அங்குல விட்டம், ஏறக்குறைய 235 கன அங்குலம். நன்றாகச் செய்த முக்கால் அங்குல வென்சூரி பர்னர் (கேஸின் வேகத்தாலேயே காற்றை இழுத்துக்கொள்வது) ஒன்று 300 முதல் 350 கன அங்குலம் வரை சமாளிக்கும், ஆகவே இதற்குத் தாராளம். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் வேண்டாம். சூடேறினால் துத்தநாகப் புகை வரும். பழைய கேஸ் சிலிண்டரை அறுத்து ஓடாக்கும் வேலையும் வேண்டாம்.

கை வைப்பதற்கு முன்

புதிய பிளாங்கெட்டைவிடப் பழையதுதான் மோசம். 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் பலமுறை காய்ந்த ஃபைபரில் கிறிஸ்டோபலைட் என்ற படிகச் சிலிக்கா உருவாகிறது. சுவாசத்தில் போகும் படிகச் சிலிக்கா புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். சர்ஜிக்கல் மாஸ்க் இதற்கு ஆகாது. குறைந்தது என்95, கிடைத்தால் பி100 ஃபில்டர் போட்ட அரைமுக மாஸ்க், கண்ணாடி, முழுக்கை சட்டை, கையுறை. பிய்க்கும் முன் ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். விளக்குமாறால் பெருக்கவோ ஏர் அடிக்கவோ கூடாது; ஈரத்துணியால் துடைத்து, இரட்டைப் பையில் கட்டி வையுங்கள். குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் இந்த வேலை கூடவே கூடாது.

சூடு பத்தவில்லை

முதலில் லைனிங்கைச் சந்தேகிக்காதீர்கள். பிரஷர் கேஜைப் பாருங்கள். ரெகுலேட்டரைத் தொடாமலே முள் மெல்ல மெல்ல இறங்கினால் கோளாறு சிலிண்டரில் இருக்கிறது. நம்மூர் எல்பிஜி, புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. திரவம் ஆவியாகும்போது சிலிண்டர் குளிர்ந்துபோகும். குளிர்ந்தால் உள்ளே அழுத்தம் குறையும். வெளியே வேர்த்து, சில சமயம் வெள்ளையாக உறைந்தே நிற்கும். இதற்குப் பெரிய சிலிண்டர் அல்லது இணையாக இரண்டு சிலிண்டர்தான் வழி. வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தலாம், நெருப்புக் காட்டவே கூடாது. 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை. 19 கிலோ வணிக சிலிண்டர் எடுங்கள். சமையல் ரெகுலேட்டர் தருவது சுமார் 30 மில்லிபார்தான், அது வென்சூரி பர்னரை இழுக்காது. கேஜ் உள்ள, 0 முதல் 2 பார் வரை திருப்பக்கூடிய ஹை பிரஷர் ரெகுலேட்டர் வேண்டும். அப்புறம் ஜெட்டை, அதாவது பர்னருக்குள் கேஸ் பீய்ச்சும் சிறு துளையை, கழற்றிப் பாருங்கள். நாள்கணக்கில் சும்மா கிடந்த பர்னருக்குள் சிலந்தியும் குளவியும் கூடு கட்டுவது சாதாரணம்.

முள் அசையவில்லை, தீயும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் இரும்பு ஆரஞ்சைத் தாண்டி மஞ்சளுக்குப் போகவில்லை என்றால் இப்போது லைனிங்குக்கு வரலாம். 20 நிமிடம் ஓடிய பிறகு உள்சுவர் முழுவதும் ஒரே நிறமாக ஒளிர வேண்டும். ஓர் இடம் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் அங்கே சூடு பின்பக்கமாகக் கசிகிறது. அதே இடத்துக்கு நேரே ஓட்டின் வெளிப்புறம் கொதிக்கும்.

உலை ஆறிய பிறகு, கையுறையோடு பிளாங்கெட்டின் ஓரத்தை விரலால் அமுக்குங்கள். நல்ல பிளாங்கெட் அமுங்கித் திரும்ப எழும். மேலே சில மி.மீ. மட்டும் மொறுமொறுப்பாகி, உள்ளே மெத்தென்று இருந்தால் கவலை வேண்டாம், அப்படியே விட்டு மேலே பூசலாம். அடிவரை மொறுமொறுப்பாகி உடைந்தால் அதன் காலம் முடிந்தது. 1260 டிகிரி தரம் என்று ரோலில் போட்டிருப்பது வகைப்பாட்டுச் சூடு. அதைவிடக் குறைந்த சூட்டில்தான் நாளெல்லாம் ஓட்ட முடியும். அடித்து ஒட்டும் சூட்டில், அதாவது 1250 டிகிரிக்கு மேல், அடிக்கடி வேலை செய்பவர்கள் உள்சுற்றுக்கு ஸிர்கோனியா கலந்த 1425 டிகிரி தரத்தையும் வெளிச்சுற்றுக்கு 1260 தரத்தையும் போடலாம். ஒரு கன மீட்டருக்கு 128 கிலோ அடர்த்தி கேட்டு வாங்குங்கள். லேசான 96 கிலோ ரோல் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

சூடு கடைசியில் வருகிறது, ஆனால் முக்கால் மணி நேரம் ஆகிறது என்பது வேறு கதை. பிளாங்கெட்டே இல்லாமல், அல்லது பெயருக்கு ஒரு சுற்று வைத்துவிட்டு, இரண்டு அங்குலத்துக்குக் காஸ்டபிளைக் கொட்டிய உலையில் இது நடக்கும். அடர்த்தியான காஸ்டபிள் சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், வெளியேயும் கடத்தும். சுவருக்கு 10 முதல் 12 மி.மீ. போதும்.

ஓட்டின் வெளியே ஓர் இடம் மட்டும் பெயிண்ட் கொப்பளிக்கிறது

இது ஏறக்குறைய எப்போதுமே இணைப்புக் கோளாறு. இரண்டு சுற்றின் இணைப்பும் ஒரே கோட்டில் வந்திருக்கும். பிளாங்கெட் சுருங்கியதும் அங்கே ஒரு வெடிப்பு திறந்து, தீ நேராக ஓட்டைத் தொடும். பிளாங்கெட் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும், அதற்கு இடம் கொடுத்தே வெட்ட வேண்டும்.

நம் கணக்கு உலையில் வெளிச்சுற்றின் சுற்றளவு 31.4 அங்குலம், 32 அங்குலம் வெட்டுங்கள். உள்சுற்றுக்கு 25.1, அதை 26 ஆக வெட்டுங்கள். பல் வைத்த ரொட்டிக் கத்தியால், அமுக்காமல் அறுத்தால் முனை நேராக வரும். கத்தரிக்கோல் முனையை நசுக்கிவிடும். சுருட்டி உள்ளே விட்டு, இரு முனையும் முட்டுமாறு இறுக்கித் தள்ளுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. வெளிச்சுற்றின் இணைப்பு அடியில் வந்தால் உள்சுற்றின் இணைப்பு பக்கவாட்டில் வரட்டும். பர்னர் துளைக்கு நேரே எந்த இணைப்பும் வேண்டாம்.

கொப்பளம் பர்னர் குழாயைச் சுற்றி இருந்தால், குழாய்க்கும் பிளாங்கெட்டுக்கும் நடுவே தீ ஏறுகிறது. பிளாங்கெட் துண்டைக் கொலாய்டல் சிலிக்காவில் (காய்ந்தால் ஃபைபரை இறுக்கும் திரவம்) நனைத்து அங்கே திணித்தால் போதும். பர்னரைக் காஸ்டபிளால் ஒட்டிவிடாதீர்கள், நாளை கழற்ற வேண்டும்.

வெயில் கீற்றில் வெள்ளைத் தூசு பறக்கிறது

உள்முகம் இல்லாத பிளாங்கெட் என்று அர்த்தம். அல்லது பூச்சு எங்கோ உதிர்ந்திருக்கிறது. இதைத் தள்ளிப்போட வேண்டாம். பர்னரின் வேகமே ஃபைபரைப் பிய்த்து உங்கள் முகத்துக்கு அனுப்பும்.

முதலில் ஃபைபரை இறுக்க வேண்டும். அதற்குக் கொலாய்டல் சிலிக்கா. கோயம்புத்தூர் போன்ற ஃபவுண்டரி ஊர்களில் இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்குக்குப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஒரு சொட்டு சமையல் கலர் விட்டுக்கொண்டால் எங்கே பட்டது, எங்கே படவில்லை என்பது தெரியும். கலர் பிறகு எரிந்துபோகும். ஸ்ப்ரே பாட்டிலால், மேற்பரப்பு நனையுமளவுக்கு மட்டும் அடியுங்கள், ஊறவைக்க வேண்டாம். நன்றாக உலர்ந்ததும் பர்னரைப் பற்றவைத்து உள்பக்கம் சிவக்கும்வரை ஓட்டுங்கள். ஆறிய பிறகு நகத்தால் தட்டினால் முட்டை ஓட்டைத் தட்டுவதுபோல் சத்தம் வரும். அதன்மேல்தான் பூச்சு. இறுக்கிய ஃபைபரும் வெறும் ஃபைபர்தான், பூச்சு இல்லாமல் விடக் கூடாது.

பூச்சு ஏடு ஏடாக உரிகிறது

உரிந்த ஏட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் சுத்தமாக, ஃபைபர் எதுவும் ஒட்டாமல் இருந்தால், பூச்சு கடைசிவரை பிடிக்கவே இல்லை. உலர்ந்த ஃபைபர் பூச்சிலிருந்த தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சியிருக்கும். பூசும் முன் தண்ணீர் தெளிப்பது இதற்காகத்தான். பின்பக்கம் ஃபைபர் மண்டிக் கிடந்தால் பூச்சு பிடித்திருக்கிறது, கீழே இருந்த ஃபைபர்தான் கிழிந்தது. அதாவது இறுக்காமலே பூசியிருக்கிறார்கள், அல்லது ஒரே தடவையில் தடிமனாக அப்பியிருக்கிறார்கள்.

தளர்ந்த எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். பிடிப்போடு இருப்பதை விட்டுவிடலாம். விளிம்புகளை நனைத்து, முதல் கையை மோர் பதத்தில் பிரஷ்ஷால் தேய்த்து ஏற்றுங்கள். அடுத்தடுத்த கைகள் சற்றுக் கெட்டியாக, ஒவ்வொன்றும் 2 அல்லது 3 மி.மீ. இடையில் உலரவிட்டு, குறைந்த தீயில் சற்றுச் சூடேற்றி ஆறவிட்டுத்தான் அடுத்தது.

தரை பிசுபிசுக்கிறது, இரும்பு ஒட்டுகிறது, குழி விழுகிறது

கேஸ் உலையைக் கொல்லும் காரணங்களில் முதலிடம் வெங்காரத்துக்குத்தான். தரையில் கண்ணாடி மாதிரி பளபளப்பு, பச்சையோ கறுப்போ கலந்த கசடு, நடுவே கீழ்நோக்கிப் போகும் ஓட்டை: இவை மூன்றும் சேர்ந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். வெங்காரம் 743 டிகிரியில் உருகிவிடும். உலைக்குள் இருப்பதோ 1200க்கு மேல். உருகிய வெங்காரம் சிலிக்காவைக் கரைத்துக் கண்ணாடியாக்கும். செராமிக் ஃபைபரில் ஏறக்குறைய பாதி சிலிக்கா. ஆகவே ஒரு துளி பிளாங்கெட்டைத் தொட்டாலும் அது வழிவிட்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மேலே நகக்கண் அளவு துளை தெரியும், கீழே கை நுழையும் குழி இருக்கும். சாதாரண ஃபயர் பிரிக்கும் இதற்குத் தாக்குப்பிடிக்காது. கே-23, கே-26 என்று வரும் லேசான இன்சுலேஷன் பிரிக் இன்னும் சீக்கிரம் போய்விடும். அது சூடேறி ஆறும்போதே வெடிக்கிற சுபாவம் உடையது.

மேலே ஒட்டுப்போடுவதில் பயனில்லை. கண்ணாடியின்மேல் எதுவும் பிடிக்காது, அடுத்த சூட்டில் அடியிலிருந்து உருகும். பளபளப்பு உள்ள பகுதி முழுவதையும், நிறம் மாறாத வெள்ளை ஃபைபர் தெரியும்வரை, வெட்டி எடுங்கள். அதே தடிமனில் புதிய பிளாங்கெட் துண்டு வைத்து இறுக்குங்கள். அதன்மேல் தரையை மட்டும் தனிப் பலகையாகப் போடுவதே என் சிபாரிசு. 70 விழுக்காடோ அதற்கு மேலோ அலுமினா உள்ள அடர்த்தியான காஸ்டபிளில் 20 மி.மீ. பலகை ஒன்றை வெளியே வார்த்து, சுவரோடு ஒட்டாமல் உள்ளே நழுவவிடுங்கள். கெட்டால் உருவி எடுத்து இன்னொன்று போடலாம். சுவரைத் தொட வேண்டியதில்லை. மட்பாண்டச் சூளைக்கு விற்கும் ஹை அலுமினா ஷெல்ஃப் துண்டும் இதற்கு நல்லது.

அதற்குமேல் ஸிர்க்கான் பூச்சு. ஸிர்க்கான் மாவு (ஸிர்கோனியம் சிலிகேட்) எடையில் 95 பங்கு, பெண்டோனைட் களிமண் 5 பங்கு. பெண்டோனைட்டை முதலில் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு மாவைச் சேர்த்துப் பெயிண்ட் பதத்துக்குக் கலக்க வேண்டும். வெங்காரத்தை இது நன்றாகத் தடுக்கும். இதற்காக வெளிநாட்டு டப்பாவைத் தேடி அலைய வேண்டியதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே ஸிர்க்கான் பிரித்தெடுக்கிறார்கள். ஃபவுண்டரிகள் அச்சுக்குப் பூசுவதும் இந்த மாவைத்தான், ஆகவே ஃபவுண்டரிப் பொருள் கடையில் கேளுங்கள். மாவைக் கலக்கும்போது மாஸ்க் கழற்ற வேண்டாம்.

வெங்காரத்தின் அளவையே குறைக்கவும் வழி இருக்கிறது. இரும்புத் தகடுகளை அடுக்கிக் காய்ச்சி அடித்து ஒட்டும் வேலையில் அடுக்கின் ஓரங்களை முழுதாக வெல்டிங் செய்து மூடிவிட்டால், காற்று புகாது, வெங்காரமும் பெரிதாகத் தேவைப்படாது.

காஸ்டபிள் வெடிக்கிறது

முடி இழை மாதிரி வலைப்பின்னலாக ஓடும் கீறல்கள் இயல்பு. சூடேறினால் மூடிக்கொள்ளும், தொடாதீர்கள். கீறல் வழியே பிளாங்கெட்டின் வெள்ளை தெரிந்தால்தான் சரிசெய்ய வேண்டும். வாய் குறுகி உள்ளே அகலும்படி உளியால் கொத்தி, தண்ணீர் தெளித்து, அதே வகைக் காஸ்டபிளின் சலித்த மாவாலோ ஹை அலுமினா மார்ட்டராலோ அழுத்தி அடையுங்கள்.

டப்பென்று சத்தத்தோடு சில்லு பறந்தால் உள்ளே தண்ணீர் இருந்திருக்கிறது. இது ஆபத்து. பர்னரை நிறுத்துங்கள். பெரும்பாலும் தவறு கலக்கும்போதே தொடங்கியிருக்கும். கலவையைக் கையில் உருண்டை பிடித்து ஓர் அடி உயரம் தூக்கிப் போட்டுப் பிடியுங்கள். உடைந்தால் தண்ணீர் போதாது. விரலிடுக்கில் வழிந்தால் அதிகம். உருண்டையாகவே கையில் அமர்ந்தால் சரி. குடிக்கிற தண்ணீரே ஊற்றுங்கள். சாதா சிமெண்ட் ஒட்டியிருக்கும் சட்டியில் கலக்காதீர்கள். காஸ்டபிளில் இருப்பது கால்சியம் அலுமினேட் சிமெண்ட். சாதா சிமெண்ட் அதோடு சேர்ந்தால் கையிலேயே இறுகிவிடும்.

வார்த்த பிறகு 24 மணி நேரம் பாலித்தீன் போட்டு மூடி, ஈரம் போகாமல் வையுங்கள். சித்திரை வெயிலில் இது ரொம்ப முக்கியம். பிறகு திறந்து இரண்டு நாள் நிழலில் காயட்டும். அப்புறம் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை உள்ளே எரியவிட்டு, வாயைப் பாதி மூடி, ஒரு நாள் முழுக்க வையுங்கள். வாயருகே கண்ணாடித் துண்டைப் பிடித்தால் ஆவி படிகிறதா என்று தெரியும். படிவது நின்ற பிறகுதான் பர்னர். பர்னர் எரியும்போது இந்தச் சோதனை செல்லாது, எல்பிஜி எரிந்தாலே நீராவி வரும். முதல் தடவை குறைந்த தீயில் 5 நிமிடம், ஆறவிடுங்கள். அடுத்து 10 நிமிடம், ஆறவிடுங்கள். இப்படி ஏற்றிக்கொண்டே போய்க் கடைசியில் மஞ்சள் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். இந்த நாலைந்து நாளை மிச்சப்படுத்தப் பார்ப்பதால்தான் நல்ல காஸ்டபிள்கூட வீணாகிறது.

லைனிங் பொடிப்பொடியாக உதிர்கிறது, தொங்குகிறது, உருகுகிறது

பொருளே தப்பு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் மணலும் கலந்த லைனிங் அலுமினியம் உருக்கத் தாங்கலாம், இரும்பு உலையில் நிற்காது. சாதா சிமெண்ட் 500 டிகிரிக்குள்ளேயே தன் பிடிப்பை இழக்கத் தொடங்கும். கிளாஸ் வுல், ராக் வுல் இரண்டும் பார்க்க ஏறக்குறைய செராமிக் பிளாங்கெட் போலவே இருக்கும். உலைச் சூட்டில் தொங்கி உருகிவிடும். வாங்கும்போது வெள்ளை நிறத்தை நம்பாதீர்கள், ரோலின்மேல் அச்சிட்ட டிகிரியைப் படியுங்கள். இதில் ஒட்டுப்போட எதுவும் இல்லை, முழுதாக எடுத்துவிட்டுத் தொடங்க வேண்டியதுதான்.

லைனிங் மாற்றிய பிறகு பர்னர் பக்பக்கென்று அடிக்கிறது

பழைய பர்னர், பழைய ஜெட், பழைய அழுத்தம், ஆனாலும் தீ குழாய்க்குள் திரும்பி வருகிறது. புதிய காஸ்டபிளால் உள்ளிடம் சுருங்கி, எதிரழுத்தம் கூடியிருக்கும். உலையின் பின்வாயை மறைக்க வைத்த செங்கலைக் கொஞ்சம் நகர்த்துங்கள். அடிப்பு நின்றால் காரணம் அதுவே. வெளியேறும் வழியைப் பெரிதாக்குங்கள். நிற்கவில்லையென்றால் பர்னர் துளைக்குள் பாருங்கள். காஸ்டபிள் பிதுங்கியோ ஃபைபர் நீட்டிக்கொண்டோ தீயின் வழியை மறைத்திருக்கும். பர்னர் முனை உள்ளறைக்குள் நீட்டக் கூடாது, உள்முகத்திலிருந்து அரை அங்குலம் பின்வாங்கியே இருக்க வேண்டும். துளை உள்நோக்கி விரிந்தால் நல்லது.

முதலில் நன்றாக ஓடி, அரை மணி நேரம் கழித்து அடிக்கத் தொடங்கினால் குழாயே சூடேறியிருக்கிறது. அழுத்தத்தைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள். நிறுத்திய பிறகு பர்னரின் காற்று வாயை அடைத்துவையுங்கள்; இல்லாவிட்டால் உலைச் சூடு புகைபோக்கியில் ஏறுவதுபோல் குழாய் வழியே ஏறும்.

முதல் ஓட்டத்தில் ஆரஞ்சுத் தீ, புகை, வாடை

புதிய காஸ்டபிளில் உள்ள கால்சியம் தீயை ஆரஞ்சாக்கும். அதைக் கண்டு காற்றைத் திருப்பாதீர்கள், சில ஓட்டங்களில் போய்விடும். கதவுக்குச் செராமிக் ஃபைபர் போர்டு வைத்திருந்தால் அதிலுள்ள பசை எரிந்து பழுப்பேறி வாடை அடிக்கும். திறந்த வெளியில் ஒருமுறை எரியவிட்டால் தீர்ந்தது. தலைவலி, கிறுகிறுப்பு வந்தால் அது இந்த வாடையால் அல்ல, கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாடையே கிடையாது. உடனே கேஸை மூடிவிட்டு வெளியே வாருங்கள். கூரையிருந்தாலும் எதிரெதிர்ப் பக்கம் திறந்திருக்கும் இடத்தில்தான் கேஸ் உலை ஓட வேண்டும்.

இரும்பில் பொருக்கு (காற்று பட்டு மேலே படியும் கறுப்புச் செதில்) அதிகமாக ஏறுகிறது

இதற்கு லைனிங் காரணமல்ல, அதைப் பிய்க்காதீர்கள். உள்ளே காற்று அதிகம். உலை வாயில் சிறு தீநாக்கு வெளியே எட்டிப் பார்க்கும்வரை பர்னரின் காற்றுத் தடுப்பை மூடுங்கள். ஒரு சாண் நீளத்துக்கு நீட்டினால் கொஞ்சம் திறங்கள்.